கண்வலிக் கிழங்கு காணாமல் போனது தொடர்பாக

கிழக்கு கிட்வாய் நகர்,
புது டில்லி.
தை மாதம், வெயில் இல்லாத ஒரு காலை.

என் மனைவி வடிவின் உடன்பிறந்தவரும், மூலனூர்ப் பக்கம் காடுகரையோடு கௌரவமாக வாழ்ந்து வருபவருமாகிய மச்சான் ஐயப்பனுக்கு, அக்காள் புருஷன் ஏகாம்பரம் அன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், உன் அக்காள், மகள் மேகலா ஆகிய மூவரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'நலம்' என்று எழுதுகிறவன் இந்தத் தடவை 'உயிரோடு' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கு நீயும், தங்கச்சியும், பிள்ளைகளும், கறவை மாடுகளும், சென்ற தடவை சத்தம் போட்டுக்கொண்டிருந்த உன் மோட்டாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கையெழுத்துக் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருக்கிறது. கடிபட்டது. நாய் அல்ல. விவரம் கீழே வருகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ எடுத்த மாத்திரத்தில் "மாமா, தண்ணி கட்டிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த 'அப்புறம்' இதுவரை வந்ததில்லை. ஆகவே மேற்படிப் பொருள் குறித்து நடந்தது நடந்தபடி எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். சாவகாசமாகப் படிக்கவும்.

நான் ஓய்வு பெற்றதும், வேலையோடு வந்த வீடு வேலையோடு போனதும், மேகலாவுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இந்த ஆறாவது மாடிக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நீ அறிந்ததே. அறியாதது, ஓய்வு பெற்ற மனிதன் ஒரு வீட்டுக்குள் என்ன பாடுபடுவான் என்பது. நான் ஹாலிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூடியிருக்கும். இருந்தாலும் திறந்து ஒரு தடவை மூடுவேன். ஃப்ரிட்ஜில் இருக்கிற டப்பாக்களை உயரப்படி அடுக்குவேன். உன் அக்காள் அதைக் கலைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் மேகலா ஒருநாள் ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு, "அப்பா, ப்ளீஸ், ஏதாவது வளருங்கப்பா. நாய் வேண்டாம், செடி" என்று கும்பிட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் உன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தோம். உன் கொட்டகையில் கண்வலிக் கிழங்கைக் குவித்துப் போட்டிருந்தாய். கலப்பை மாதிரி வளைந்து, ஒரு முனையில் மூக்கு மாதிரி முளை. காட்டுவேலியில் தானாக ஏறிக் கிடக்கிற கொடி, வருஷா வருஷம் மழைக்கு மழை அதே கிழங்கிலிருந்து கிளம்பும், டில்லியில் ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான் என்று நீதான் ஆசை காட்டினாய். மூன்று கிழங்கு கொடுத்தாய். மூக்கு உடையக் கூடாது, உடைந்தால் முளைக்காது என்றாய். வேர் முதல் விதை வரைக்கும் விஷம், தொட்டால் கையைக் கழுவு என்றாய். இன்னொன்றும் சொன்னாய், அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அந்த மூன்றாவது விஷயத்தைப் பஸ்ஸை நிறுத்தியாவது கேட்டிருக்க வேண்டும். இப்போது சொல்லி என்ன.

கிழங்கை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து, மூன்று தொட்டியில் நட்டு, டில்லி வெயிலில் உட்கார்ந்தேன். வெயில் என்றால் நீ நினைக்கிற வெயில் இல்லை மச்சான், பால்கனிக் கம்பியைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் முளைக்கவில்லை. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், சாயங்காலம் மேகலா வருவதற்குள் இன்னொரு தடவை பார்த்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். ஸ்பூனை விட்டுப் பார்த்தேன். "அது என்ன ஊறுகாயா, கிளறிக்கிட்டே இருக்கறதுக்கு?" என்றாள் உன் அக்காள். அப்படிப் பார்த்ததில் ஒரு கிழங்குக்கு மூக்கு உடைந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பேற்கிறேன். மீதி இரண்டும் ஆடி மழை இறங்கினதும் கிளம்பிற்று பார், அடடா! பச்சைப் பென்சில் மாதிரி நிமிர்ந்து, இலை விட்டு, அந்த இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகி, எதிரில் எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும். கேபிள் ஒயரைப் பிடித்தது. துணிக்கொடியைப் பிடித்தது. உன் அக்காளின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அரை நாள் விடவில்லை. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் மொட்டு. பூ முதலில் பச்சையாகத்தான் இருந்தது, பிறகு மஞ்சள், பிறகு ஓரத்தில் சிவப்பு ஏறி, கடைசியில் இதழெல்லாம் மேலே மடங்கி, அடுப்பில் ஜ்வாலை எழுந்த மாதிரி நின்றது. நான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு ஃபைல்கூட என் கண்ணெதிரில் இப்படி நகர்ந்ததில்லை.

ஆனால் பூத்தது எங்கே? அங்கேதான் வினை. எங்கள் பால்கனிக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம்தான் வெயில். கொடி தடுப்பைப் பிடித்து ஏறி, தலையை அந்தப் பக்கம் நீட்டி, அத்தனை பூவையும் சச்தேவா வீட்டைப் பார்த்துப் பூத்தது. எனக்குத் தெரிந்தது முதுகுதான். சச்தேவா யாரென்றால், என்னைப் போலவே ரிடையர்டு, இன்ஜினியர், மகன் பேரில் வந்த குவார்ட்டர்ஸில் இருக்கிறவர். என்னைப் போலவே அவருக்கும் பகல் முழுக்க வேலை கிடையாது. அவர் என்ன செய்தார், அந்தப் பூவோடு நின்று போட்டோ எடுத்து, எங்கள் டவர் வாட்ஸாப் குரூப்பில் 'ஹமாரி பால்கனி', எங்கள் பால்கனி என்று போட்டுவிட்டார். எழுபது பேர் வாஹ் வாஹ் என்று கை தட்டினார்கள். நான் சும்மா இருப்பேனா? 'திருத்தம்: மேற்படி பூவின் வேர் அடுத்த பால்கனியில் உள்ளது' என்று இங்கிலீஷில் போட்டேன். அதற்கு ஒருத்தரும் கை தட்டவில்லை. மறுநாள் தடுப்புப் பக்கம் போய், "சச்தேவாஜி, யே ஹமாரா ஸ்டேட் ஃப்ளவர் ஹை" என்றேன். செங்காந்தள் நம் மாநிலப் பூ இல்லையா? அந்த ஆள் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "ஸ்டேட் ஆப்கா, பால்கனி ஹமாரி" என்றார். மாநிலம் உங்களுடையதாம், பால்கனி அவருடையதாம். எனக்கு வந்த கோபத்தில் கொடியைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தேன். ஒடிந்துவிட்டது. பூவெல்லாம் அவர் பக்கம் விழுந்தது. அவர் அதைப் பொறுக்கி ஒரு கிளாஸில் போட்டு வைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. லிஃப்டில் சந்தித்தால் இரண்டு பேரும் மாடி நம்பரைப் பார்ப்போம்.

இன்னொரு தொட்டிக் கொடி ஐப்பசி வரைக்கும் தாக்குப் பிடித்தது. அப்புறம் இலை மஞ்சளாயிற்று. தண்டு காய்ந்தது. நான் பதறிப்போய் மோர் ஊற்றினேன், டீத்தூள் போட்டேன், கம்பளியால் தொட்டியைச் சுற்றினேன், கடைசியில் உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய். "அது தூங்குது மாமா. வைகாசி வரைக்கும் தூங்கும். தண்ணியும் ஊத்தாதீங்க, தொடவும் தொடாதீங்க, விட்டுடுங்க" என்றாய். பஸ் ஹாரனில் போன மூன்றாவது விஷயம் இதுதான். மச்சான், நான் கேட்கிறேன், செய்வதற்கு ஒன்றுமில்லாத மனிதனுக்கு ஒன்றும் செய்யக் கூடாத செடியைக் கொடுக்கலாமா? ஒரு வாரம் விட்டேன். நிஜமாக விட்டேன். தொட்டியைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் முடியவில்லை. தோண்டிவிட்டேன். தோண்டினால், மச்சான், இரண்டு கிழங்கு ஐந்தாகியிருந்தது! நான் தூங்குகிறது என்று நினைத்தால் அது அடியில் குடும்பம் நடத்தியிருக்கிறது. மண்ணைத் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டேன். ஈரம் போக வெயில் காட்ட வேண்டுமே. மார்கழியில் எங்கள் பால்கனியில் வெயில் ஏது? கீழே பார்க்கில்தான் கொஞ்சம் விழும். அங்கே இந்தக் காலனிப் பெண்மணிகள் பூராவும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு, வேர்க்கடலை தின்றுகொண்டு, வெயில் நகர நகரத் தாங்களும் நகர்வார்கள். நானும் கிழங்குப் பையோடு அவர்கள் கூடவே நகர்வேன். எனக்கு இதில் வெட்கமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து ஒருநாள், கொஞ்சம் வெயில் வந்தது. பார்க்கில் காட்டிவிட்டு மேலே வந்து, பையைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். தூக்கத்தில் குக்கர் விசில் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழித்தேன். கிழங்கு வெந்த வாசனை. எழுந்து வந்து பார்த்தால், மாட்டின பை தொய்ந்து காலியாகத் தொங்குகிறது. உன் அக்காள் மேஜையில் உட்கார்ந்து, வெந்த கிழங்கைத் தோலுரித்து, நாட்டுச் சர்க்கரையில் தொட்டு, பாதி தின்று முடித்திருக்கிறாள்! நான் போட்ட சத்தம் கீழே செக்யூரிட்டி வரைக்கும் கேட்டதாம். "ஏய், என்னத்தைத் தின்னே?" என்கிறேன். "கிழங்கு" என்கிறாள். "எத்தனை?" "இது ரெண்டாவது. உங்களுக்கும் வச்சிருக்கேன்" என்கிறாள்! அவ்வளவு நிதானமாக! நான் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். "ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "பேசாதே! பேசினா விஷம் ஏறும்!" என்றேன். அது எந்த வைத்தியத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, வாயில் வந்துவிட்டது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்பாரே என்று குக்கரை அப்படியே ஒரு கையில் தூக்கிக்கொண்டேன், இன்னொரு கையில் உன் அக்காள். அவள் செருப்பைக்கூடப் போடவிடவில்லை. லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் ஒரு மாடி படியில் இறங்கி, அங்கே லிஃப்ட் மேலே போவதைப் பார்த்து, திரும்ப ஏறி, எப்படியோ ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரன் குக்கரைப் பார்த்துவிட்டு, "ரிப்பேரிங்கா அங்கிள்? லோதி ரோடு பக்கம் ஒரு நல்ல கடை இருக்கு" என்று இந்தியில் யோசனை சொல்கிறான். "ஆஸ்பத்திரி! ஜல்தி!" என்று கத்தினேன். வழி முழுக்க உன் அக்காள் வாயைத் திறப்பாள், நான் "பேசாதே" என்பேன், அவள் மூடுவாள். சிக்னலில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்தே ரொம்ப வருஷம் ஆகிறது என்று அந்த நேரத்தில் தோன்றிற்று. அதை நீ யாரிடமும் சொல்லாதே.

ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சிக் கவுண்டரில் "பேஷன்ட் கௌன்?", நோயாளி யார் என்று கேட்டார்கள். நான் பதற்றத்தில் குக்கரை நீட்டிவிட்டேன். நல்லவேளை, டாக்டர் பெண் சின்ன வயசு, பொறுமைசாலி. உன் அக்காளைப் படுக்க வைத்து நாடி பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஆன்ட்டி, எப்படி இருக்கு?" என்றாள். இவள் என்னைப் பார்த்தாள், பேசலாமா என்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினதும், "பசிக்குது" என்றாள். டாக்டர் குக்கரைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். பக்கத்திலிருந்த மலையாள நர்ஸம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாரே, இது மதுரக்கிழங்கல்லே?" என்றாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மச்சான்! டில்லி முழுக்கக் குளிர்காலத்தில் மூலைக்கு மூலை சுட்டு விற்கிற ஷகர்கந்தி! சிவப்புத் தோலும் உருண்டை உருவமும், கலப்பையும் இல்லை மூக்கும் இல்லை. எமர்ஜென்சியில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். காலில் அடிபட்டு வந்த ஒருத்தர் வலியை மறந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. ஏனென்றால், இது சர்க்கரைவள்ளி என்றால் என் ஐந்து கிழங்கு எங்கே?

திரும்பி வரும் ஆட்டோவில் உன் அக்காளை விசாரித்தேன். "இந்தக் கிழங்கு எங்கேயிருந்து வந்தது?" "பையிலேருந்து." "எந்தப் பை?" "துணிப்பைதான்." எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீபாவளிக்கு எங்கள் காலனிச் சங்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி துணிப்பை கொடுத்தார்கள். பார்க்கில் யாரோ ஒரு பெண்மணி ஷகர்கந்திப் பையோடு வந்திருக்கிறாள், பை மாறிவிட்டது. அவளுடைய கிழங்கு என் வீட்டில் வெந்தது. அப்படியானால் என்னுடைய கிழங்கு அவள் வீட்டில் இந்த நேரம் வெந்துகொண்டிருக்கிறது! உடனே போனை எடுத்து டவர் குரூப்பில் இந்தியில் செய்தி போட்டேன். அவசரத்தில் கிழங்குக்கு இந்தியில் என்ன என்று வரவில்லை. விஷத்துக்கு ஜஹர் என்பது வந்துவிட்டது. "மேரா ஜஹர் கோ கயா ஹை. கிஸீ கோ மிலே தோ மத் காயியே. வாபஸ் கீஜியே." என் விஷம் தொலைந்துவிட்டது, கிடைத்தால் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும். இதில் என்ன தப்பு? ஆனால் ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் பார். ஒருத்தர் கும்பிடு போட்டார். ஒருத்தர் குட் ஆஃப்டர்நூன் ரோஜாப்பூ போட்டார். மூன்றாவது ஆள் 'தண்ணீர்த் தொட்டியிலா?' என்று கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் காலனி வாசலில் இறங்கும்போது எங்கள் டவருக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு பால்கனியில் நின்று கேள்வி கேட்கிறார்கள். செக்யூரிட்டி, "அங்கிள், வீட்ல விஷம் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று என் மூட்டையைப் பார்க்கிறான், மூட்டை என்றால் குக்கர்தான். மேகலா ஆபீஸிலிருந்து போன். "அப்பா, நீங்க டேங்க்ல விஷம் கலந்துட்டீங்களாம், என் டைரக்டர் கேட்கறார், நான் என்ன பதில் சொல்லட்டும்?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "டைரக்டரைக் கிழங்கு எதுவும் சாப்பிட வேண்டாம்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

பார்க்குக்கு ஓடினேன். பெண்மணிகள் இன்னும் இருந்தார்கள். மரியாதையெல்லாம் பார்க்க நேரமில்லை, ஒவ்வொரு பையாக எடுத்துக் கவிழ்த்தேன். பட்டாணி, முள்ளங்கி, ஒருத்தர் பையில் பாதி பின்னின ஸ்வெட்டர், நூலெல்லாம் என் காலைச் சுற்றிக்கொண்டது. "பையா, க்யா டூண்ட் ரஹே ஹோ?", அண்ணா, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். "கடைசியா என் பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்க?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "சச்தேவா பாபிஜி." சச்தேவாவின் சம்சாரம்!

மச்சான், நான் அந்த ஆறு மாடியும் லிஃப்டில் ஏறினேனா படியில் ஏறினேனா என்று இன்றைக்கும் தெரியாது. புரட்டாசியிலிருந்து தட்டாத கதவு. தட்டினால் என்ன சொல்வான், முகத்தில் அடிக்கிற மாதிரி சாத்துவானா என்றெல்லாம் யோசிக்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் இடித்தேன். கதவைத் திறந்தது சச்தேவாதான். கையில் ஒரு தட்டு. தட்டில் சுட்ட கிழங்கு, எலுமிச்சை, மசாலா. வாயில் ஒரு துண்டு. மென்றுகொண்டிருந்தார். எனக்கு இந்தி போய்விட்டது. இங்கிலீஷும் போய்விட்டது. முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் பேசின பாஷையெல்லாம் ஒரே நொடியில் போய், "துப்பு! துப்புய்யா! செத்துப் போயிடுவேய்யா!" என்று தமிழில் கத்தினேன். தட்டைத் தட்டிவிட்டேன். அவர் திகைத்து விழுங்கப் பார்த்தார். விடுவேனா? தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டேன். கடித்துவிட்டார். நான் எடுக்கவில்லை. அவர் கடித்துக்கொண்டே இருக்கிறார், நான் தோண்டிக்கொண்டே இருக்கிறேன், என் கண்ணிலிருந்து ஜலம் கொட்டுகிறது. வலியா என்றால், வலிதான், ஆனால் அது மட்டும் இல்லை. இந்த ஆள் போய்விட்டால் நான் லிஃப்டில் யாரோடு பேசாமல் இருப்பேன்?

அப்போது சச்தேவா பாபிஜி உள்ளேயிருந்து வந்து, ஒரு அதட்டல் போட்டு எங்களைப் பிரித்துவிட்டார். தன் வீட்டுக்காரர் சாப்பிட்டது கடையில் வாங்கின அசல் ஷகர்கந்தியாம். என் கிழங்கு ஐந்தும் பத்திரமாம். வாருங்கள் என்று பால்கனிக்குக் கூட்டிப் போனார். வரிசையாக ஐந்து தொட்டி. ஒவ்வொன்றிலும் ஒன்று. "இது உங்க பூவோட கிழங்குன்னு பார்த்ததும் தெரிஞ்சுது பாய்சாஹப். நட்டு வச்சுட்டேன்" என்றார். சச்தேவா நாற்காலி கொண்டுவந்து போட்டார். என் விரலைத் தன் கைக்குட்டையாலேயே கட்டினார். கடித்தவர் கட்டினார். அவர் பெண்சாதி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். கிழங்குக்குக் குளிருமே என்று வெந்நீர் ஊற்றியிருக்கிறார் மனுஷன்! தலையில் அடித்துக்கொண்டு, ஐந்தையும் வெளியே எடுத்து, உலர்ந்த மண் போட்டு மறுபடி வைத்து, அது தூங்குகிறது, வைகாசி வரைக்கும் ஒன்றும் செய்யக் கூடாது, தண்ணீர் கூடாது, தொடக் கூடாது, தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப் தக் ஹம் க்யா கரேங்கே?" என்றார். அதுவரைக்கும் நாம் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் மச்சான் நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. இவருக்குப் புரிந்திருக்கிறது. அதுவும் 'நான்' என்று கேட்கவில்லை, 'நாம்' என்று கேட்டார். நான் இன்னொரு டீ குடித்தேன்.

கிழங்கை நான் திருப்பிக் கேட்கவில்லை. வெயில் இருக்கிற பால்கனியில் இருக்கட்டும். தினம் காலையில் ஒரு நடை போய், அவர் தோண்டாமல் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன். தோண்டுகிற முகம் அவருக்கு. ஆனால் ஐயப்பா, நான் மாறிவிட்டேன். என் சாமர்த்தியத்தால் ஒரு பெரிய ஆபத்து தவிர்க்கப்பட்டது, ஒரு பகை தீர்ந்தது. நடந்ததையெல்லாம் நான் ஒருத்தனே கண்டுபிடித்து, ஒருத்தனே ஓடி, ஒருத்தனே முடித்தேன் என்பதை உன் அக்காளும் ஒப்புக்கொள்கிறாள், குறைந்தபட்சம் மறுக்கவில்லை. இனி எதற்கும் பதறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நீயும் கிழங்கு, விதை, கொடி என்று எதுவும் அனுப்ப வேண்டாம்.

உன் கிணறு வற்றாமலும், மோட்டார் கருகாமலும், பிள்ளைகளுக்குப் படிப்பு மண்டையில் ஏறியும், தங்கச்சிக்கு முழங்கால் வலி இறங்கியும், நீங்கள் எல்லோரும் நிறைவாக இருக்க, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் தெற்குப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

என்றும் நிதானம் தவறாத,
உன் மாமா
ஏகாம்பரம்

பி.கு.: ஐயப்பா, அக்கா எழுதறேன். கவரை ஒட்டி வைன்னு குடுத்துட்டு உங்க மாமா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கார். படிச்சுப் பார்த்தேன். கண்ணு, பையெல்லாம் ஒண்ணும் மாறலை. பொழுதுக்கும் அந்த விஷத்தை மடியில வச்சுக்கிட்டு, தொட்ட கையோட சாப்பிட வந்து உட்கார்றாரேன்னு எனக்கு ஒரே பயமா இருந்துச்சு. அன்னைக்கு அவர் தூங்கினதும் நானே கையில கவர் மாட்டிக்கிட்டு, அஞ்சையும் கொண்டுபோய் சச்தேவா வீட்டம்மாகிட்டக் குடுத்து, இது விஷம், உங்க வெயில்ல வச்சு நட்டுக்கோங்கன்னு விவரமாச் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆம்பளைங்கதான் பேசிக்கலை, நாங்க ஒரு நாளும் நிறுத்தலையே. சர்க்கரைவள்ளி நான் தள்ளுவண்டியில வாங்கினது, அதுவும் பையிலதான் வந்துச்சு, நான் பொய் சொல்லலை. வீட்லயே சொல்லிடலாம்னு பார்த்தேன், வாயைத் திறக்க விடலை. ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது சொல்லியிருக்கலாம். இவரே போய் அந்தக் கதவைத் தட்டட்டும்னு விட்டுட்டேன். அந்தம்மாவுக்கு மட்டும் போன் போட்டு, வந்துக்கிட்டு இருக்கார்னேன். அவங்க வீட்டுக்காரர் சுட்ட கிழங்கு தின்னுட்டிருக்கார்னாங்க, தட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கன்னேன். அதுக்குள்ள போயிட்டார்.

இன்னொண்ணு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ரோட்ல நடந்தா பத்தடி முன்னாடி போற மனுஷன். அன்னைக்கு ஆட்டோவுல ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் என் கையை விடவே இல்லை. அதை நான் எதுக்குச் சொல்லிக் கெடுத்துக்கணும்? நீயும் உளறி வைக்காதே. பதில் எழுதினா என் பேரைப் போட்டு எழுதாதே, தபாலை முதல்ல பிரிக்கறது அவர்தான்.

வடிவு